சொல்லத் தெரியாத பயணி

மலைப் பயணத்தைத் திட்டமிடுவோர் பெரும்பாலும் இடங்களிலிருந்து தொடங்குவர். எந்த அருவி, எந்தக் கணவாய், எந்த விடுதி என்று பட்டியல் நீளும். ஒன்றரை வயதுக் குழந்தை உடன் வரும்போது இந்த வரிசை தலைகீழாகிறது. எவ்வளவு உயரம், அதை எத்தனை மணி நேரத்தில் ஏறுவது, இரவில் எந்த உயரத்தில் உறங்குவது, உடம்புக்கு முடியாவிட்டால் எந்த வழியில் இறங்குவது ஆகிய கேள்விகள் முன்னே வந்து நிற்கின்றன. தாதர் கிழக்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு இதைப் புரிந்துகொள்ள ஏறத்தாழ மூன்று மாதங்கள் ஆயின.

குடும்பத்தில் நால்வர்: கணவர், மனைவி, கணவரின் தாயார், பத்தொன்பது மாதப் பெண் குழந்தை. ஒரே விடுப்பில் நிறைவேற வேண்டிய ஆசைகளோ இரண்டு. மணாலியிலிருந்து லே வரை சாலை வழியாகச் செல்ல வேண்டும் என்பது கணவரின் கல்லூரிக்காலக் கனவு. பேத்திக்குப் பழனியில் முடியிறக்க வேண்டும் என்பது தாயாரின் நேர்த்திக்கடன். குழந்தை ஏழு வாரம் முன்னதாகப் பிறந்தது. முதல் சில நாட்கள் ஆக்சிஜன் தேவைப்பட்டது. கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றபடி பாட்டி நேர்ந்துகொண்டார். முதல் பிறந்தநாளுக்கே தீர்த்திருக்க வேண்டிய கடன் அது. வேலை, மழை, காய்ச்சல் என்று தள்ளிப்போயிற்று. “முருகன் எங்கயும் ஓடிப்போயிற மாட்டான். ஆனா சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்லா” என்பார். திருநெல்வேலியை விட்டு வந்து ஐம்பது ஆண்டுகள் ஆகியும் அந்த ‘ல்லா’ அவரை விட்டுப் போகவில்லை.

கணவர் முதலில் வரைந்த திட்டம் எல்லாரும் வரைவதுதான்: மணாலி, கேலாங், சர்ச்சு, லே. 2020 அக்டோபரில் 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கம் திறக்கப்பட்ட பிறகு ரோதங் கணவாயை ஏறாமலே லாஹௌலை அடைந்துவிடலாம் என்பது அவருக்குப் பெரிய ஊக்கம். மனைவி அத்தாளில் ஒரேயொரு பத்தியைக் கூடுதலாகச் சேர்த்தார். அது ஒவ்வோர் இரவும் உறங்கும் இடத்தின் உயரம். மணாலி சுமார் 2,050 மீட்டர், கேலாங் 3,080, சர்ச்சு ஏறத்தாழ 4,300, லே 3,500. தாதர் கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர்களே உயர்ந்தது.

அந்தப் பத்திதான் வீட்டில் விவாதத்தைத் தொடங்கிவைத்தது. 2,500 மீட்டருக்கு மேல் எவருக்கும் உயர நோய் வரலாம். 3,000 மீட்டரைக் கடந்த பின் உறங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவம் வகுத்துள்ள பொதுநெறி. கேலாங்கிலிருந்து சர்ச்சுவுக்கு ஒரே நாளில் 1,200 மீட்டர் கூடுகிறது. உயர நோய்க்கு முதன்மையான மருந்து கீழே இறங்குவது. சர்ச்சுவின் சிக்கலோ அது இரு கணவாய்களுக்கு நடுவே கிடப்பது. தெற்கே திரும்பினால் பாரலாச்சா லா, வடக்கே போனால் நக்கீ லா, லாச்சுலுங் லா. எத்திசையில் இறங்க வேண்டுமானாலும் முதலில் மேலும் ஏறியாக வேண்டும். நள்ளிரவில் மடியில் ஒரு குழந்தை மூச்சுத் திணறும்போது இதைவிடக் கொடிய நில அமைப்பு வேறில்லை.

விமானத்தில் நேரே லேவுக்குப் போய்விட்டால் என்ன என்றார் கணவர். அது கடல்மட்டத்திலிருந்து 3,500 மீட்டருக்குச் சில மணி நேரத்தில் உடலைத் தூக்கி வைப்பது. அங்கே காற்றழுத்தம் தாதரில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். லடாக்கிலும் குழந்தைகள் பிறந்து வளர்கின்றனவே என்ற அடுத்த வாதம் உண்மையானது. ஆனால், அவை தலைமுறை தலைமுறையாக அந்த உயரத்துக்குப் பழகியவர்களின் குழந்தைகள். கருவிலிருந்தே மெல்லிய காற்றில் வளர்ந்தவை. கைக்குழந்தையோடு லே சென்று நலமாகத் திரும்பியவர்களின் படங்களையும் அவர் காட்டினார். அதுவும் பொய்யன்று, பலர் நலமாகவே திரும்புகின்றனர்.

மாட்டுங்காவில் குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர் இந்த வழக்கைத் தீர்த்துவைத்தார். அவர் அச்சமூட்டவில்லை, இரண்டு செய்திகளை மட்டும் சொன்னார். குறைமாதத்தில் பிறந்து ஆக்சிஜன் தேவைப்பட்ட குழந்தையின் நுரையீரல், பார்வைக்கு நன்றாக இருந்தாலும், பெரும் உயரத்தில் மற்றக் குழந்தைகளைவிட எளிதில் தடுமாறக்கூடும் என்பது ஒன்று. உயர நோயின் முதல் அடையாளம் தலைவலி. அதைச் சொல்ல இந்தக் குழந்தைக்கு இன்னும் சொல் இல்லை என்பது மற்றொன்று. மழலைகளிடம் அந்நோய் சிணுங்கலாக, உணவு மறுப்பாக, வாந்தியாக, உறக்கமின்மையாகவே வெளிப்படும். பல் முளைக்கும் குழந்தையும் அப்படித்தான் நடந்துகொள்ளும்; தூக்கம் கெட்ட குழந்தையும் அப்படித்தான். பிரித்தறிய இயலாத இடத்தில் சந்தேகம் வந்தால் இறங்கிவிட வேண்டும். இறங்க முடியாத இடமென்றால் போகக் கூடாது.

அன்றிரவு கணவர் அதிகம் பேசவில்லை. மனைவிக்கும் அது வெற்றியாகப் படவில்லை. பத்தாண்டுக் கனவை ஒரு எண்களின் பத்தி தோற்கடித்துவிட்டதே என்ற வருத்தம் அவருக்கும் இருந்தது. பழனியிலிருந்து கோடைக்கானலுக்கு மலைச்சாலை உண்டு என்பதை அவரே நினைவூட்டினார். கோடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில், 2,500 என்ற எல்லைக்குக் கீழே இருக்கிறது. இரண்டு மணி நேரத்தில் சமவெளிக்கு இறங்கிவிடலாம். பாட்டியின் கடனும் தீரும், மகனுக்கு ஒரு மலையும் கிடைக்கும். மருத்துவரும் இதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

புறப்படுவதற்கு முன் ஓர் ஒத்திகை நடந்தது. ஒரு ஞாயிறு காலையில் தாதரிலிருந்து கர்ஜத் லோக்கலில் நேரல் வரை சென்று, அங்கிருந்து வாடகைக் காரில் தஸ்தூரி நாக்காவுக்கு ஏறி, அமன் லாட்ஜிலிருந்து சிறு ரயிலில் மாதேரானுக்குப் போனார்கள். மாதேரான் 800 மீட்டர் உயரந்தான். 1907 முதல் அந்த இரண்டடி அகலப் பாதையில் ரயில் ஓடுகிறது. ஊருக்குள் தனியார் வாகனங்களுக்கு இடமில்லை. செம்மண் பாதையில் குழந்தை மகிழ்ச்சியாக நடந்தது. ஒரு குரங்கு பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடியபோதும் சிரித்தது. மூன்றாவது காட்சிமுனைக்குப் போவதற்குள் தூக்கம் தவறி, திரும்பும் வழி முழுதும் அழுதது. ஒரு நாளில் இரண்டு இடங்களுக்கு மேல் இல்லை, பகல் தூக்கத்தின் மேல் எந்தக் காட்சிக்கும் உரிமை இல்லை என்ற இரு விதிகள் அந்த நாளில் எழுதப்பட்டன. மலை இறங்கும்போது காது அடைத்துக் குழந்தை வீறிட்டதும், ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் அடங்கியதும் மூன்றாவது பாடம். விழுங்கும்போது காதின் உட்குழல் திறந்து அழுத்தம் சமனாகிறது. ஆகவே பால் புட்டி பைக்குள் அன்று, கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பயணத்துக்கு மாசி மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டது. தைப்பூசக் கூட்டம் முடிந்திருக்கும். பங்குனி உத்திரக் கூட்டம் தொடங்கியிராது. கோடைக்கானல் சீசனும் வந்திராது. முன்பதிவு 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும் என்பதால், அந்தக் காலையில் கணவர் எட்டு மணிக்கு முன்பே கணினியின் முன் அமர்ந்து, தாதரிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாளுக்கியா விரைவு வண்டியில் இரண்டு கீழ்ப்படுக்கைகளைப் பிடித்தார். ஒன்று பாட்டியின் முழங்காலுக்கு, மற்றொன்று தாய்க்கும் சேய்க்கும். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனிப்படுக்கை கேட்காவிட்டால் பயணச்சீட்டு வேண்டியதில்லை.

அந்த வண்டியின் பாதையே ஒரு மலைப் பயணந்தான். கர்ஜத்தைத் தாண்டியதும் 1863இல் திறக்கப்பட்ட போர் காட் தொடங்குகிறது. பின்னாலிருந்து தள்ளும் துணை எஞ்சின்களின் உதவியோடு, 37 அடிக்கு ஓரடி உயரும் சரிவில் வண்டி லோனாவாலாவுக்கு ஏறும். இரவில் அதைக் கடந்துவிடுவதால் குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும். விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் மதுரைக்குப் போகலாமே என்று உறவினர்கள் கேட்டனர். ரயிலில் குழந்தை நடக்கலாம், உறங்கலாம், வீட்டுப் புளியோதரையும் தயிர்சாதமும் உண்ணலாம். இரண்டு இரவும் ஒரு பகலும் அதற்குச் சிறை ஆகாது.

திண்டுக்கல்லில் விடியற்காலை இறங்கியபின் மேற்கொள்ள வேண்டிய சாலைப் பயணமே திட்டத்தின் பலவீனமான கண்ணி. மலைச்சாலையில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்வது பாதுகாப்பு அன்று; திடீர் பிரேக்கில் எந்தத் தாயின் கையும் தாங்காது. 14 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இருக்கைப் பட்டையோ குழந்தை இருக்கையோ வேண்டும் என்பது 2019 திருத்தத்துக்குப் பின் சட்டமும் ஆகும். ஆனால், வாடகைக் கார்களில் குழந்தை இருக்கை கிடைப்பது அரிது. இங்கே மரபு கைகொடுத்தது. முடியிறக்கும்போது குழந்தை அமர வேண்டியது தாய்மாமன் மடியில். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டிய அந்த மாமனின் காரில், அவர் மகன் பயன்படுத்திய குழந்தை இருக்கை இருந்தது. “மடியும் என்னுது, சீட்டும் என்னுது, அக்கா” என்று தொலைபேசியில் சிரித்தார் தம்பி.

மருந்துப் பையைப் பற்றியும் ஒரு சிறு மோதல் நிகழ்ந்தது. வளைவுகளில் வாந்தி வராதிருக்கப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் கால் பங்கு கொடுத்தால் போதும் என்று அக்கம்பக்கத்தில் ஒருவர் சொல்லியிருந்தார். அத்தகைய மாத்திரைகள் பலவற்றில் உள்ள ப்ரோமெத்தசின், இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தரவே கூடாதது; மூச்சையே தளரச் செய்யும். இரண்டு வயதுக்குள் பயண வாந்தி வருவதே அரிது என்பதையும் மருத்துவர் விளக்கினார். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள், வெப்பமானி ஆகியவை மட்டும் பையில் சென்றன.

முடியிறக்கிய தலையோடு குளிர்மலைக்கா என்ற கவலை மனைவிக்கு இருந்தது. சந்தனம் பூசிய வழுக்கைத் தலை இரவில் வெப்பத்தை எளிதில் இழக்கும். பகலில் மலைவெயில் அதைச் சுடும். கோடைக்கானலை முதலில் வைக்கலாமா என்று கேட்டபோது பாட்டி, “கடனத் தீத்துட்டுப் போவோம்மா, தலைக்குத் தொப்பி நான் பின்னித் தாரேன்” என்றார். அத்தை பின்னிய பருத்தித் தொப்பி பகலுக்கு, ரானடே சாலையில் வாங்கிய கம்பளித் தொப்பி இரவுக்கு என்று முடிவாயிற்று.

பழனியில் முதல் நாள் முழுதும் ஓய்வு. மறுநாள் முடியிறக்கி, ஏறத்தாழ எழுநூறு படிகளைத் தவிர்த்து விஞ்சில் மலையேறி வழிபட்டார்கள். பாட்டியின் விரலிலிருந்து குழந்தை பஞ்சாமிர்தம் நக்கியது. அதில் தேன் உண்டு, ஒரு வயது நிரம்பாத குழந்தையாயின் அதுவும் கூடாது. மூன்றாம் நாள், முன்கூட்டியே எடுத்த இ-பாஸுடன் கோடைக்கானல். மூன்று இரவும் ஒரே அறை.

இரண்டாம் நாள் காலையில் குழந்தை இட்லியைத் தள்ளிவிட்டது. மடியை விட்டு இறங்கவில்லை, ஓயாமல் சிணுங்கியது. மருத்துவர் சொன்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தூண்பாறைத் திட்டத்தைக் கணவரே ரத்து செய்தார். வெப்பம் பார்த்தார், மூச்சை எண்ணினார். நண்பகலுக்குள் சரியாகாவிட்டால் வத்தலக்குண்டுக்கு இறங்குவது என்று மைத்துனரிடம் சொல்லி, காரை வாசலில் நிறுத்தி வைத்தார். பதினொரு மணியளவில் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்த பாட்டி, கீழீறின் பின்பக்கத்தில் வெள்ளையாக ஒரு முனையைக் கண்டார். கடைவாய்ப்பல்.

எல்லாரும் சிரித்தனர். கணவர் சற்றுத் தாமதித்தே சிரித்தார். இதே சிணுங்கல் சர்ச்சுவில் நேர்ந்திருந்தால் அது பல்லா, மூளையா, நுரையீரலா என்று அறிய வழியிருந்திராது. இங்கே அது பல்லாக இருந்துவிட முடிந்தது. அப்படி இல்லாதிருந்தாலும் இறங்குவதற்குச் சாலை இருந்தது.

மணாலி–லே வரைபடத்தை அவர் எறிந்துவிடவில்லை. அதன் ஓரத்தில் ஆண்டு எதையும் குறிக்கவுமில்லை. மகள் தானாக வந்து, “அப்பா, தலை வலிக்குது” என்று தெளிவாகச் சொல்லும் வயது வந்தபின், மருத்துவர் ஒருமுறை பார்த்தபின், சர்ச்சுவில் இரவு தங்காத ஒரு வழியில் போவது என்று வீட்டில் பேசி வைத்திருக்கிறார்கள்.