புதுப்பட்டினத்து மணலில் ஓர் எர்த் குழி

மாமல்லபுரத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கற்சிற்பப் பட்டறைகள் முடிந்ததும் சவுக்குத் தோப்புகள் தொடங்குகின்றன. ஒருபுறம் பக்கிங்காம் கால்வாய், மறுபுறம் கடல். கல்பாக்கம் அணுமின் வளாகத்தையும், டச்சுக்காரர்கள் கட்டிய சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் போகும் பிரிவையும் தாண்டினால் புதுப்பட்டினம். இன்னும் தெற்கே வாயலூரில் பாலாறு கடலைச் சேர்கிறது. ஆற்றில் கடல்நீர் ஏறாமல் இருக்க அங்கே தடுப்பணை கட்டியிருக்கிறார்கள்.

புதுப்பட்டினத்தில் நின்று வடக்கே பார்த்தால் உயர் அழுத்த மின்கோபுரங்கள் வரிசையாகத் தெரியும். சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் 1984, 1986 ஆண்டுகளில் வணிக உற்பத்தியைத் தொடங்கியவை. ஒவ்வொன்றின் திறனும் 220 மெகாவாட். அந்தக் கம்பிகளுக்குக் கீழே நெல்லும் வேர்க்கடலையும் விளைகின்றன. வயல் நடுவே ஓடு போட்ட சின்ன மோட்டார் கொட்டகை, உள்ளே துருப்பிடித்த ஸ்டார்ட்டர், வாசலில் ஈரம். மின்சாரம் பிறக்கும் ஊரிலும் மோட்டார் கொட்டகை மற்ற ஊர்களைப் போலத்தான் இருக்கிறது.

கைபேசியில் காட்டும் பலகை

மாலையில் கடைத்தெருவில் இளைஞர் கூட்டம் அதிகம். ஐ.டி.ஐ. முடித்து, கல்பாக்கம் வளாகத்தில் தொழில் பழகுநராக இருக்கும் பையன்களும் அதில் உண்டு. ஐ.டி.ஐ.யில் எலெக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு. பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம். டீ குடித்துக்கொண்டே இந்தப் பையன்கள் கைபேசியை எடுத்துக் காட்டும் படங்களில் பாதி, அவர்கள் வயரிங் செய்த பலகைகள்தான்.

முதலில் கம்பி இணைப்பு. இரண்டு கம்பிகளை இறுக்கமாக முறுக்கிச் சேர்க்கும் வெஸ்டர்ன் யூனியன் ஜாயின்ட்டில் தொடங்குகிறது படிப்பு. அடுத்தது மாடிப்படி வயரிங்: ஒரு விளக்கு, கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். பிறகு குடோன் வயரிங். உள்ளே நடக்க நடக்க அடுத்த விளக்கு எரியும், பின்னால் இருப்பது அணையும். கடைசியில் மோட்டாருக்கான ஸ்டார்ட்டர் இணைப்பு. பைப் வளையாமல், கம்பி ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், திருகு எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் அந்தப் பலகை பார்க்கவே அழகுதான். படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவதில் தப்பில்லை.

ஆனால், ஒரு பையன் காட்டிய படத்தில் விளக்கும் இல்லை, பலகையும் இல்லை. மணலில் தோண்டிய ஒரு குழியும், அதன் நடுவே நிற்கும் ஒரு குழாயும்தான் இருந்தன.

"குழிக்கா இவ்ளோ செலவு?"

குழி இருப்பது அவனுடைய தாத்தாவின் நிலத்தில். ஊருக்கு மேற்கே, கொஞ்சம் மேடான மணற்பாங்கு. கிணற்றில் 5 குதிரைத்திறன் மோட்டார். லைசென்ஸ் வைத்திருக்கும் உள்ளூர் வயர்மேன் கூட இருந்து பார்க்க, விடுமுறை நாளில் பேரன் செய்த வேலை அது.

"மோட்டாரு நல்லாத்தானே ஓடுது? குழிக்கா இவ்ளோ செலவு?" என்று பெரியவர் முதலில் சத்தம் போட்டாராம்.

"ஓடுது தாத்தா. ஒருநாள் கை வைக்கும்போது ஓடாம உன்னைப் புடிச்சிக்கிச்சின்னா?"

"நாப்பது வருஷமா கை வச்சிட்டுத்தான்டா இருக்கேன்."

"அப்போ இரும்புப் பைப்பு இருந்துச்சி. இப்ப என்ன போட்டுருக்க?"

பெரியவரிடம் பதில் இல்லை. பேரன் கேட்டது சரியான கேள்வி. முன்பெல்லாம் கிணற்றுக்குள் இறங்கும் குழாய் இரும்பு. மோட்டார் உடம்பில் கசிந்த மின்சாரம் அந்தக் குழாய் வழியாகத் தண்ணீருக்கும் மண்ணுக்கும் போய்விடும். முறையாக எர்த் போடாத கொட்டகையிலும், தெரியாமலே ஒரு எர்த் இருந்தது. துருப்பிடிக்கிறது, பாரமாக இருக்கிறது என்று இரும்பை எடுத்துவிட்டு பி.வி.சி. குழாய் போட்டபோது அந்த வழி அடைபட்டுப்போனது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. இந்த மாற்றம் செய்த பலர் எர்த்தைப் பற்றி யோசிக்கவே இல்லை.

பியூஸ் ஏன் காப்பாற்றாது?

"பியூஸ் இருக்கே" என்று நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு பேஸ் கம்பி தேய்ந்து மோட்டார் உடம்பில் படுகிறது. 230 வோல்ட். மணலில் சரியாகப் போடாத எர்த்தின் தடை 50 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 230-ஐ 50-ஆல் வகுத்தால் 4.6 ஆம்பியர். 5 குதிரைத்திறன் மோட்டார் ஓடும்போதே சுமார் 7 ஆம்பியர் எடுக்கும். கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. அதைத் தாங்கும் பியூஸ் 4.6 ஆம்பியருக்கு உருகாது. மோட்டார் உடம்பில் மின்சாரம் அப்படியே நிற்கும். ஈரக் காலோடு போய்த் தொடுபவர் உடலில் 0.03 ஆம்பியர், அதாவது 30 மில்லி ஆம்பியர் தாண்டிப் பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. பியூஸ், மோட்டாரையும் கம்பியையும் காக்க வந்தது. ஆளைக் காக்க எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் வேண்டும்.

ஆர்.சி.சி.பி. என்பது, போகிற மின்சாரமும் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும் கருவி. எங்காவது கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் கருவி பொருத்தமானது. நீளமான கேபிள் போகும் நீர்மூழ்கி மோட்டாருக்கு எந்த அளவு சரி என்பதை லைசென்ஸ் பெற்றவரிடம் கேட்டுப் போடுவது நல்லது.

மணலும் உப்பும்

புதுப்பட்டினம் போன்ற ஊரில் எர்த் போடுவதில் இரண்டு சிக்கல். மேட்டு மணல் கோடையில் காய்ந்துவிடும். காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. பள்ளத்திலோ உவர் ஈரம். மின்சாரத்தை நன்றாக வாங்கும், ஆனால் குழாயையும் போல்ட்டையும் உப்பு தின்றுவிடும்.

அதனால் பேரன் செய்தது இது. இரண்டரை மீட்டர் நீளமுள்ள துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, ஈர மண்ணை எட்டும்படி இறக்கினான். வழக்கமாகக் கரியும் உப்பும் அடுக்கடுக்காகப் போடுவார்கள். கடலோரத்தில் உப்பு சேர்த்தால் துரு சீக்கிரம் பிடிக்கும் என்று பென்டோனைட் களிமண் கலவையைப் போட்டான். மூன்று பேஸ் மோட்டாரின் உடம்புக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக 5 மீட்டர் தள்ளி இன்னொரு குழி. தண்ணீர் ஊற்றும் முன்பும் ஊற்றிய பின்பும் எர்த் டெஸ்டரில் அளந்து, தடை இறங்கியதைத் தாத்தாவுக்கும் காட்டினான்.

உலக அளவிலும் இந்தத் தொழிலை இப்படித்தான் மதிப்பிடுகிறார்கள். 1950-ல் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில் தொடங்கிய உலகத் திறன் போட்டியில் மின் வயரிங்கும் ஒரு பிரிவு. பைப்பின் நேர்த்தியை மில்லி மீட்டர் கணக்கில் அளப்பார்கள். ஆனால், எர்த் தொடர்ச்சியையும் கம்பி உறையின் பாதுகாப்பையும் சோதித்துக் காட்டிய பிறகே மின்சாரம் கொடுக்க முடியும். 2024-ல் பிரான்ஸின் லியோன் நகரில் நடந்த போட்டியில், புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பிரிவில் ஒடிசா இளைஞர் ஒருவர் இந்தியாவுக்கு வெண்கலம் வாங்கித் தந்தார்.

கொட்டகையில் கவனிக்க வேண்டியவை

* எர்த் கம்பி மோட்டார் உடம்பிலும் ஸ்டார்ட்டர் பெட்டியிலும் இறுக்கமாகப் பிடித்திருக்கிறதா? குழிப் பக்கம் துருவேறி அறுந்திருக்கிறதா? மெயினை அணைத்துவிட்டுப் பாருங்கள்.
* கோடையில் எர்த் குழிக்கு அவ்வப்போது தண்ணீர் ஊற்றுங்கள்.
* பியூஸ் கட்டையில் கையில் கிடைத்த தடித்த கம்பியைச் சுற்றாதீர்கள்.
* ஆர்.சி.சி.பி.யில் 'டி' என்ற பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். துண்டிக்கவில்லை என்றால் கருவியையும் இணைப்பையும் உடனே சோதிக்கச் சொல்லுங்கள்.
* பன்றிக்காக வேலியில் நேரடி மின்சாரம் விடாதீர்கள். அது குற்றம். 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் 3 யானைகள் இறந்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் பக்கத்து நிலத்துக்காரரையும் அந்த வேலி கொல்லும்.
* புயல் மழைக்குப் பிறகு நனைந்த கொட்டகையில் உடனே சுவிட்ச் போடாதீர்கள். 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரையைக் கடந்த மாண்டஸ் போன்ற புயல்கள் இந்தக் கரைக்குப் புதிதல்ல. அறுந்த கம்பியைக் கண்டால் கிட்டே போகாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

புதுப்பட்டினத்துப் பெரியவர் இப்போது மோட்டார் போடப் போகும்போது ஒரு குடம் தண்ணீரை இரண்டு குழிகளுக்கும் பகிர்ந்து ஊற்றுகிறார். "செடிக்கு ஊத்துறியா பெரியப்பா?" என்று வரப்பில் போகிறவர்கள் கேட்டால், "என் பேரன் வச்சது" என்கிறார்.