பங்கசு படிக்கும் பிள்ளை

கந்தப்பளை பஸாரில் கடை வைத்திருக்கும் நானா ஒருவரின் மூத்த மகள் என்னிடம் ஆறாம் ஆண்டிலிருந்து பதினோராம் ஆண்டுவரை தமிழ் படித்தவள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இசட் புள்ளி சற்றுக் குறைந்ததில் மருத்துவ பீடம் தவறிப்போய், பேராதனையில் விஞ்ஞான பீடம் கிடைத்தது. மூன்று நாள் வீடு மையித்து வீடு போலக் கிடந்தது என்று அவளுடைய உம்மா பிறகு சொன்னார். அந்தத் துக்கம் ஒருவாறு ஆறிய காலத்தில்தான், போன நோன்புக்குச் சற்று முந்திய ஒரு மாலையில், சீனி வாங்கப் போன என்னை நானா கடைக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"சேர், ஒங்கட புள்ளைக்கிட்ட ஒருக்காப் பேசுங்களே. டொக்டருக்குக் கெடைக்கல்ல. சரி, அல்லாஹ்ட நாட்டம். இப்ப சிறப்புப் பட்டம் செய்யப் போறாளாம். என்ன பாடம்டு கேட்டா பங்கசாம். எலைல பிடிக்கிற பூசணத்தப் பாத்துப் பாத்து என்ன சேர் செய்ற?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றுவந்த தமிழ் வாத்தியார் நான். பங்கசைப் பற்றி எனக்கென்ன தெரியும்? "யோசிச்சுச் சொல்றேன் நானா" என்று சீனியை எடுத்துக்கொண்டு நடந்தேன்.

நடக்கும்போது பேராதனை ஞாபகம் வந்தது. சில வருடங்களுக்கு முன் ஆசிரியர்களுக்கான ஒரு பட்டறைக்காக அங்கே போயிருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு மேசையில் நாலைந்து பேராசிரியர்களோடு உட்கார நேர்ந்தது. ஒருவர் தவளைகள் கத்துவதைப் பதிவுசெய்து கொண்டிருப்பவர். ஒருவர் ஒல்லாந்தர் காலத்துத் தோம்பேடுகளில் தலைகவிழ்ந்து கிடப்பவர். இன்னொருவர் கிணற்றுத் தண்ணீரைப் போத்தல் போத்தலாக அளப்பவர். பரிமாறிய பையன் என் காதருகில், "இவங்களுக்குச் சம்பளம் இதுக்கா சேர்?" என்று கேட்டான். சிரித்துவிட்டேன். உண்மையில் என் மனதிலும் அதே கேள்விதான் இருந்தது.

அந்தத் தண்ணீர்ப் போத்தலின் பெறுமதி பிறகுதான் புரிந்தது. பேராதனைப் புவிச்சரிதவியல் பேராசிரியர் சி.பி. திசாநாயக்க, உலர்வலயக் கிணறுகளில் உள்ள புளோரைட்டைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தவர். அனுராதபுரப் பக்கத்துப் பிள்ளைகளின் பற்களில் மண்ணிறக் கறை படிவது பல் துலக்காத குற்றமல்ல, நிலத்தடிப் பாறையின் வேலை. கல்லைப் படித்தவர் பிள்ளையின் வாய்க்குள் வந்து சேர்கிறார். அப்பகுதி வகுப்பறைகளில் அந்தக் கறைக்காகப் பிள்ளைகளை ஏசிய ஆசிரியர்கள் எத்தனை பேரோ.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் படியில் நானாவைப் பிடித்தேன். அதற்குள் நானும் கொஞ்சம் வாசித்திருந்தேன்.

"நானா, இந்த மலையில தேயிலை ஏன் வந்தது?"

"வெள்ளக்காரன் நட்டான்."

"அதுக்கு முந்தி என்ன நட்டான்?"

"கோப்பி."

"அந்தக் கோப்பி எங்க போச்சு?"

அவருக்குத் தெரியவில்லை. 1869இல் இலங்கைக் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செம்பொடி படிந்தது. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்ற பங்கசு. 1880இல் ஹரி மார்ஷல் வார்ட் என்ற இளைஞரை அரசாங்கம் இங்கே வரவழைத்தது. வயது முப்பதுகூட ஆகவில்லை. இரண்டு வருடம் இலையும் நுணுக்குக்காட்டியுமாகக் கழித்தார். காற்றில் மிதக்கும் வித்திகளைக் கண்ணாடித் தகட்டில் பிடித்துப் பார்த்தார். வித்தி இலையில் விழுந்து முளைப்பதையும், இலை மூச்சுவிடும் வாய்கள் வழியாக அது உள்ளே நுழைவதையும் படிப்படியாகக் கண்டு எழுதினார். மண் கெட்டதால், செடி பலவீனப்பட்டதால் வந்த நோய் இது என்று துரைமார் பேசிக்கொண்டிருந்த காலம் அது. 1895இல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியரானார்.

நானா கவனமாகக் கேட்டுவிட்டு, வியாபாரிக்கேயுரிய கேள்வியைக் கேட்டார். "அப்ப அந்த மனுசன் நோயச் சொகப்படுத்தினாரா?"

"இல்ல நானா."

"அப்ப?"

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். வார்டால் கோப்பியைக் காப்பாற்ற முடியவில்லை. மலை மலையாக ஒரே பயிரை, நடுவில் காற்றைத் தடுக்க மரம்கூட இல்லாமல் நட்டதுதான் வித்திகளுக்கு வழி திறந்துவிட்டது என்று அவரால் சொல்ல முடிந்தது. அதற்குள் காலம் கடந்திருந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரவில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இங்கே உயரத்திலும் குளிரிலும் தேயிலைதான் ஏறிவந்தது. அதன் பின்னால் லயங்கள், லயங்களின் பின்னால் நம் கடைகள். "ஒங்கட கடையே ஒரு பங்கசு போட்ட கடைதான் நானா" என்றேன். சிரித்தார். ஆனால் ஒப்புக்கொண்ட சிரிப்பல்ல அது. மகள் எப்போது சம்பாதிப்பாள் என்பதுதான் அவருடைய கேள்வி. அது நியாயமான கேள்வி. அதற்கு என்னிடம் இன்றும் பதில் இல்லை.

பேராசிரியர்கள் தத்தம் ஆய்வுப் பொருளை விருப்பப்படி தேர்ந்தெடுக்கிறார்கள் என்று வெளியிலிருக்கும் நாம் நினைக்கிறோம். நம் ம.மு. உவைஸ் விஷயத்தில் அது ஓரளவு சரி. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒரு துறை இருப்பதாகவே பலர் ஏற்காத நாளில் அதைத் தொட்டார். அந்த ஆய்வு 1953இல் கல்ஹின்னையிலிருந்து ஆங்கில நூலாக வந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அதே துறைக்கே பேராசிரியராக அமர்ந்தார். பேராசிரியர் நுஃமானைப் பாருங்கள், கவிதை ஒரு கை, மொழியியல் மறு கை. அவருடைய இலக்கண நூல் என் மேசையில் இருக்கிறது. பலஸ்தீனக் கவிதைகளின் மொழிபெயர்ப்பு கட்டில் பக்கத்தில்.

சிலருக்கோ பொருள் வந்து அவர்களைப் பிடிக்கிறது. ஸ்டான்லி தம்பையா 1956 ஜூனில் பேராதனை மாணவர்களோடு கல்லோயாவுக்குக் குடியேற்ற ஆய்வு செய்யப் போனார். அங்கே கலவரம் வெடித்தது. சில ஆண்டுகளில் நாட்டைவிட்டே போய், தாய்லாந்தின் பௌத்தத்தை ஆராய்ந்து பெயர்பெற்றார். 1983க்குப் பிறகு, விட்டுவந்த நாட்டைப் பற்றியே எழுதினார். அந்தக் கல்லோயா அவரை விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

வலன்டைன் டேனியலின் கதை இன்னும் நம் மண்ணோடு ஒட்டியது. மானிடவியலாளர். தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாடும் பாடல்களைத் திரட்ட 1983இல் வந்தார். வந்த நேரம் ஆடிக் கலவரத்தின் சூடு ஆறாத நேரம். பாட்டுக் கேட்க வந்தவரிடம் மக்கள் வேறு கதைகளைச் சொன்னார்கள். 1996இல் வெளியான அவருடைய புத்தகத்தின் பெயரைத் தமிழில் கருகிய தாலாட்டுகள் எனலாம். அதன் பொருள் பாடல்களல்ல, வன்முறை.

இதை வாசித்த அன்று அலுமாரியைத் திறந்து என் பழைய கொப்பியை எடுத்தேன். 2004இல் தொடங்கியது. பக்கத்துத் தோட்டத்து லயத்தில் ஒரு பாட்டி இருந்தார். கவ்வாத்துக் காலத்துப் பாட்டு, தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் அவர் வாயில் இருந்தன. சனிக்கிழமைகளில் போய் எழுதினேன். "மாஸ்டர், இத எழுதி யாருக்குக் குடுக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் பாடுவார். பதினொரு பாட்டு எழுதினேன். பிறகு தரமுயர்வுப் பரீட்சை, பிறகு வீட்டுக்குக் கூரை போடும் வேலை, பிறகு பிள்ளைகள். என்னைத் தடுக்க எந்தக் கலவரமும் நடக்கவில்லை. இரண்டு மைல் நடக்கத்தான் சோம்பல். 2009இல் அவர் மௌத்தாகிவிட்ட சேதி எனக்கு ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. பன்னிரண்டாவது பாட்டின் முதலடி மட்டும் கொப்பியில் இருக்கிறது, பென்சிலில்.

போன மாதம் ஓர் இரவு மகள் பேராதனையிலிருந்து தொலைபேசி எடுத்தாள். ஆய்வுத் தலைப்பு முடிவாகிவிட்டதாம். தேயிலைக் கொழுந்தில் கொப்புளம் போடும் பங்கசு, 1946இல் இலங்கைக்கு வந்தது. வாப்பாவிடம் சொல்லிவிட்டாயா என்றேன். "சொல்லிட்டேன் சேர். ஒண்டும் பேசல்ல. தேயிலை நோய்டா கம்பெனிக்காரன் வேல தருவானாண்டு மட்டும் கேட்டார்."

பிறகு கேட்டாள்: "சேர், எங்கட பக்கம் தோட்டத்து ஆக்கள் இந்தக் கொப்புளத்துக்கு என்ன பேர் சொல்ற? மடம் கேட்டாங்க. எனக்குத் தெரியல்ல. ஒங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியாது. கொப்பியை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். பாட்டி எத்தனையோ சொல்லியிருந்தார். இதை நான் கேட்டிருக்கவில்லை. மறுநாள் பாடசாலை விட்டதும், கொழுந்து நிறுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேரும்படி, பென்சிலையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு மடுவத்துப் பக்கம் நடந்தேன்.