கடைக்கால் வரைக்கும் கைக்காசு

காலை ஐந்தரை மணிக்கே கம்பம் - காமயகவுண்டன்பட்டி சாலையில் ஜீப்புகள் நிற்கின்றன. தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் நெருக்கியடித்து ஏறுகிறார்கள். கம்பமெட்டு ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போய், பொழுது சாயத்தான் திரும்புவார்கள். நான் பார்க்க வந்த அக்கா மட்டும் அன்று போகவில்லை. "ஓவர்சியர் அளக்க வர்றேன்னு சொல்லிருக்காரு தம்பி. ஒருநாள் சம்பளம் போனாப் போகுது" என்றார்.

ஆனி மாதக் காற்று. கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் காற்றோடு வாழ்ந்தவர்களுக்குத்தான் கிடுகுக் கூரையின் பாடு தெரியும். அக்காவின் குடிசைக் கூரைமேல் பழைய பிளக்ஸ் பேனர், அதன்மேல் சைக்கிள் டயர்கள், நாலு மூலையிலும் கயிறு கட்டித் தொங்கவிட்ட கற்கள். குனிந்து உள்ளே போனால் ரேஷன் அரிசிச் சாக்கை மூன்று செங்கல் உயரத்துக்குத் தூக்கி வைத்திருக்கிறார்கள். சாரலுக்குத் தரை ஓதம் ஏறுமாம். தீப்பொறிக்குப் பயந்து அடுப்பு வெளியே இருக்கிறது.

குடிசையிலிருந்து பத்தடி நடந்தால் பன்னீர் திராட்சைப் பந்தல், அதைத் தாண்டினால் நெல் வயல். 1895 முதல் வரும் முல்லைப் பெரியாறு தண்ணீரில், லோயர்கேம்ப்பிலிருந்து பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. இத்தனை செழிப்பான மண்ணில் கூலிக்காரர் ஒரு சென்ட் வாங்குவது லேசான காரியமா? இந்த வட்டாரத்து வீட்டுக் கதை இங்கேதான் தொடங்குகிறது.

2024இல் தமிழக அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய். 360 சதுர அடி, அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை. 2030க்குள் 8 லட்சம் வீடுகள் கட்டிக் குடிசையே இல்லாமல் செய்வது இலக்கு. குடிசையில் குடியிருக்க வேண்டும், கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும், இடத்துக்குப் பட்டா வேண்டும். பிரதமர் பெயரிலுள்ள ஊரக வீட்டுத் திட்டத்தில் 1.20 லட்சம், கான்கிரீட் கூரைக்கென்று மாநில அரசு மேலும் 1.20 லட்சம் தருகிறது. விரும்பினால் 70,000 ரூபாய் வரை வங்கிக் கடனுக்கும் அதில் வழி உண்டு. டூவீலரோ பிரிட்ஜோ வைத்திருந்தால் முன்பெல்லாம் தகுதியே போய்விடும். தோட்ட வேலைக்குப் போக வாங்கிய பழைய மொபெட்டுக்காக ஒரு குடும்பத்துக்கு வீடு இல்லை என்பது பெரிய அநியாயம். 2024இல் அந்த விதியை எடுத்தது நல்ல காரியம்.

அக்கா பாலித்தீன் பையிலிருந்து பட்டாவை எடுத்துக் காட்டினார். மடிப்புகள் கிழிந்து, பின்னால் டேப் ஒட்டியிருந்தது. குடிசைக்குப் பக்கத்தில் வானம் தோண்டிக் கருங்கல் கட்டி முடித்திருக்கிறார்கள்.

"இதுவரைக்கும் எல்லாம் கைக்காசு தம்பி. கடைக்கால் போட்டு, அதப் போட்டோ எடுத்து ஏத்துனாத்தான் மொதத் தவண வரும்."

"கைக்காசு எங்கேருந்துக்கா?"

காதைத் தொட்டுக் காட்டினார். தோடு இருந்த துளையில் ஈர்க்குச்சி. போதாததற்கு மகளிர் குழுவில் கடன். வீடு எழும்புவதற்கு முன்பே வாரத் தவணை ஓட ஆரம்பித்துவிட்டது.

இரண்டு வீடு தள்ளி ஓடைக்கரையில் ஒரு பாட்டி. ரேஷன் கார்டு, ஆதார், கரண்ட் பில், வீட்டு வரி ரசீது எல்லாம் அதே முகவரியில் வைத்திருக்கிறார். இடம் மட்டும் புறம்போக்கு. "எம் பேர எழுதிட்டுப் போனாக, பொறவு ஓடைன்னு அடிச்சுட்டாக" என்றார். இருப்பதிலேயே மோசமான குடிசை அவருடையதுதான். ஓடையில் வீடு கட்டக் கூடாது என்பது சரி. அப்படியானால் வேறு இரண்டு சென்ட் காட்ட வேண்டியது யார் பொறுப்பு?

பதினொரு மணிக்கு ஓவர்சியர் வந்தார். பொறுமையான மனிதர். டேப்பைப் பிடித்து நீள அகலம் அளந்தார். அஸ்திவாரத்தின் மேல் அக்காவை நிற்க வைத்துப் போனில் படம் எடுத்தார். படம் ஏறவில்லை. டவர் கிடைக்கத் தார்ச்சாலை வரை நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். ஏறியதும் அக்கா முகத்தில் வந்த தெளிச்சியை நான் மறக்க மாட்டேன்.

கனவு இல்லத்தின் முதல் தவணையில் ஒரு பங்கையாவது வானம் தோண்டும்போதே கொடுக்க வேண்டும். தோடு இல்லாதவர்கள் இந்தத் திட்டத்துக்குள் காலெடுத்து வைக்க வேறு வழியில்லை. புறம்போக்கில் இருப்பவர்களுக்கு முதலில் இடமும் பட்டாவும், பிறகு கணக்கெடுப்பு. இந்த வரிசை மாறக் கூடாது. உங்கள் ஊரில் இப்படி ஒரு பாட்டி இருந்தால், ஆகஸ்ட் 15 கிராம சபைக்கு அவரைக் கூட்டிப் போங்கள். பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள். பெயர் இல்லையென்றால் அங்கேயே மனு எழுதிக் கொடுத்து, தீர்மான நோட்டில் அது ஏறும் வரை எழுந்திருக்காதீர்கள்.