கால அட்டவணை என்னும் வழித்துணை

இளம்பெண் ஒருத்தி தனியே அயல்நாடு செல்கிறாள் என்றால் நம் குடும்பங்களில் முதலில் எழும் வினா, "துணைக்கு யார்?" என்பது. அடுத்த வினா, "அங்கே எதில் போவாய், எதில் வருவாய்?" என்பது. மலைநாடுகளில் வாடகைக்குக் கார் எடுத்தாலன்றி ஊர் சுற்றிப் பார்க்க இயலாது என்ற எண்ணம் நம்மவர் பலரிடம் வேரூன்றியிருக்கிறது. அவ்வெண்ணம் உண்மையாயின், கார் ஓட்டத் தெரியாதவர்க்கும் வாடகைப் பணத்துக்கு வழியில்லாத இளைஞர்க்கும் உலகின் அழகிய பகுதிகள் பல அடைத்த கதவுகளே. எல்லா நாடுகளிலும் அப்படியன்று என்பதைச் சுவிட்சர்லாந்தில் கழித்த எட்டு நாட்கள் எனக்கு உணர்த்தின.

2018ஆம் ஆண்டு கோடையில் அலுவலகப் பயிற்சிக்காகத் தில்லியிலிருந்து சூரிக் நகருக்குச் சென்றிருந்தேன். அப்போது எனக்கு வயது 24. பயிற்சி முடிந்தபின் எட்டு நாள் விடுப்புக் கிடைத்தது. வண்டியோட்டும் உரிமம் என்னிடம் இல்லை. எங்கள் வீட்டில் எவரிடமுமே இல்லை. கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரசில் ஒரு தகரப் பெட்டியுடன் தில்லிக்கு வந்து இறங்கிய என் தந்தையார், பணி ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்திலேயே அலுவலகம் சென்று வந்தவர். ஆகவே நானும் எட்டு நாளுக்குச் செல்லுபடியாகும் பயணச் சீட்டு ஒன்றை வாங்கினேன். இரயில், அஞ்சல் பேருந்து, ஏரிப் படகு, நகர டிராம் ஆகிய அனைத்துக்கும் அந்த ஒரே சீட்டுப் போதும். உயர்ந்த சிகரங்களுக்கு ஏறும் சில மலை இரயில்களுக்கு மட்டும் தனிக் கட்டணம்; அதிலும் சலுகை உண்டு.

சீட்டைவிட வியப்பளித்தது அட்டவணை. 1982 மே மாதத்தில் அந்நாட்டு இரயில்வே ஓர் எளிய மாற்றத்தைக் கொண்டுவந்தது. மணிக்கு ஒரு வண்டி. அதுவும் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில். காலை 8.07க்கு ஒரு வண்டி உண்டென்றால் 9.07க்கும் உண்டு, 10.07க்கும் உண்டு. 1987இல் மக்கள் வாக்கெடுப்பின் மூலம் 'இரயில் 2000' என்னும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தனர். அதன் முதற்கட்டம் 2004 டிசம்பரில் நிறைவெய்தியது. பெரிய சந்திப்புகளுக்குப் பல திசை வண்டிகளும் மணி நிறைவதற்குச் சற்று முன் வந்து சேரும். மணி பிறந்த சில நிமிடங்களில் பிரிந்து செல்லும். சூரிக்கிலிருந்து பெர்ன் செல்லும் நேரத்தை ஒரு மணிக்கும் குறைவாக்கப் புதிய பாதை அமைத்ததும் இதற்காகவே. விரைவில் பிறரை வெல்வது நோக்கமன்று. அடுத்த வண்டியைத் தவறவிடாமல் சேர்ப்பதே நோக்கம்.

அங்குள்ள இரயில் நிலையக் கடிகாரங்களும் இக்கொள்கையைச் சொல்வன. 1944இல் ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்னும் பொறியாளர் வடிவமைத்த கடிகாரம் அது. பின்னர் சேர்க்கப்பட்ட அதன் சிவப்பு வினாடி முள், சுற்றை 58.5 வினாடிகளில் முடித்துக்கொண்டு உச்சியில் சற்று நின்று, மையக் கடிகாரத்தின் ஆணைக்குக் காத்திருக்கும். ஆணை வந்ததும் நிமிட முள் தாவும். நாடெங்கும் ஒரே நிமிடம் பிறக்கும்.

இந்த ஒழுங்கு மலைக்கோடி வரை செல்கிறதா என்று அறிய விரும்பி, யூஃப் என்னும் சிற்றூரைத் தேர்ந்தேன். அது 2,126 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஐரோப்பாவில் ஆண்டு முழுதும் மக்கள் வாழும் மிக உயர்ந்த ஊர்களுள் ஒன்று. குடியிருப்போர் ஏறத்தாழ முப்பது பேர். சூரிக்கிலிருந்து கூர் நகருக்கு ஒன்றேகால் மணி. அங்கிருந்து சிவப்பு நிறச் சிறு இரயிலில் தூசிஸ். பின் மஞ்சள் நிற அஞ்சல் பேருந்தில் ஆண்டேர். அங்கே வண்டி மாறி, மலைப்பாதையில் யூஃப். ஒவ்வொரு மாற்றத்திலும் அடுத்த வண்டி எனக்காகவே காத்திருந்தது போல் நின்றது.

அம்மலைச் சாலைகளில் அஞ்சல் பேருந்துக்குத் தனி மதிப்பு உண்டு. கண்ணுக்குத் தெரியாத வளைவுகளில் மூன்று சுரங்கள் கொண்ட ஊதல் ஒலிக்கும். ரோசினி என்னும் இசைமேதையின் வில்லியம் டெல் இசைநாடக முன்னிசையிலிருந்து எடுத்த சுரங்கள் அவை. அஞ்சல் கொம்புப் பலகை நட்ட சாலைகளில் எதிர்வரும் கார்கள் பேருந்துக்கு வழிவிட வேண்டும். அதன் ஓட்டுநர் சொற்படி நடக்கவும் வேண்டும். வாடகைக் காரில் வந்த ஒருவர் ஓர் ஒடுங்கிய வளைவில் பின்னோக்கி ஒதுங்கியதை, முன் இருக்கையில் அமர்ந்து பார்த்துக்கொண்டே சென்றேன்.

பேருந்தில் என்னைப்போல் அயலார் ஓரிருவரே. ஏனையோர் பள்ளிப் பிள்ளைகளும், கடைப்பையுடன் வந்த மூதாட்டியொருவரும். தம் முன்னோர் 13ஆம் நூற்றாண்டில் மேற்கே வாலிஸ் பகுதியிலிருந்து குடிபெயர்ந்து வந்தவர்கள் என்றும், சுற்றிலும் ரோமான்ஷ் மொழி வழங்கினாலும் தாம் தம் ஜெர்மானிய வழக்கையே பேசிவருவதாகவும் அம்மூதாட்டி ஆங்கிலத்தில் கூறினார். மரம் வளராத உயரமாதலால் முற்காலத்தில் ஆட்டுச் சாணத்தைக் காயவைத்து அடுப்பெரித்தார்களாம். குடிபெயர்ந்தும் மொழியை விடாமல், வறட்டி எரித்து வாழ்ந்த மக்களிடம் எனக்கு அயன்மை தோன்றவில்லை.

முதல் நாள் இரவு தொலைபேசியில் தந்தையார் ஒன்றே ஒன்று கேட்டிருந்தார்: "கடைசி பஸ் எத்தனை மணிக்கு, பார்த்து வைத்துக்கொண்டாயா அம்மா?" பேருந்திலேயே வாழ்நாளைக் கழித்தவர் கேட்கும் கேள்வி அது. காரில்லாப் பயணத்தின் கட்டுப்பாடு முழுதும் அதில் அடங்கியிருக்கிறது. மலை முகட்டில் அந்தி ஒளி எத்துணை அழகாயினும் கடைசிப் பேருந்து நமக்காக நில்லாது. சுமை முதுகு தாங்கும் அளவினதாய் இருக்க வேண்டும். நினைத்த இடத்தில் நிறுத்திப் படம் எடுக்க முடியாது. இவை குறைகளே, ஆயினும் பெரிய குறைகள் அல்ல. வெங்கன், செர்மாட் போன்ற ஊர்களுக்குச் செல்வோர் காரை அடிவாரத்தில் விட்டுவிட்டு இரயிலில்தான் ஏற வேண்டும். அங்கே கார் உள்ளவரும் இல்லாதவரும் ஒரே பலகையில் அமர்வர்.

திரும்பும் வழியில் ஆண்டேரில் இருட்டிவிட்டது. நிறுத்தத்தில் நான் ஒருத்தியே நின்றேன். தில்லியில் மாலை ஏழு மணிக்கு மேலாகிவிட்டால் தந்தையார் எங்கள் பேருந்து நிறுத்தத்துக்கு வந்து நிற்பார். மழையானாலும் பனியானாலும் நிற்பார். அந்த அன்பை நான் அறிவேன். அந்த அன்பு அஞ்சி நிற்க வேண்டியிருந்ததையும் அறிவேன். ஆண்டேரில் எனக்காக எவரும் காத்திருக்கவில்லை. குறித்த நிமிடத்தில் வளைவில் விளக்கொளி தெரிந்தது. மஞ்சள் பேருந்து வந்து நின்றது. ஒருவர் வழித்துணையின்றி, ஒருவரைக் காக்க வைக்காமல், நான் செல்ல வேண்டிய இடத்துக்கு நானே செல்கிறேன் என்ற உணர்வு அன்றுதான் முதன்முதலாக எனக்கு வாய்த்தது.

அப்பேருந்து எனக்காக ஏற்பட்டதன்று. பள்ளி செல்லும் பிள்ளைக்காகவும் கடைக்குச் செல்லும் பாட்டிக்காகவும் ஏற்பட்டது. முப்பது பேர் வாழும் ஊரும் நாட்டின் பகுதியே என்று கருதியவர்கள் ஏற்படுத்தியது. உள்ளூர் மக்களைக் கைவிடாத போக்குவரத்து, முன்பின் அறியாத வழிப்போக்கரையும் கைவிடுவதில்லை. நாம் குடியேறி வாழும் பெருநகரங்களிலும் பேருந்துக்காகக் குரல் கொடுப்பவர் வாகனமற்ற ஏழையர் மட்டுமே என்றிருத்தலாகாது. நம் பிள்ளைகள் தனியே புறப்படும் நாளில், கார் ஓட்டத் தெரியுமா என்று கேட்பதற்கு முன், கால அட்டவணை பார்க்கத் தெரியுமா என்று கேட்போம். தெரியும் என்றால் மனமுவந்து வழியனுப்புவோம்.