புங்கமரத்தடிக் கனகாம்பரம்

எங்கள் வீட்டுக் கொல்லையில் வெயில் சரியாக விழாது. நடுவில் ஒரு புங்கமரம், சுவரோரம் ஒரு வேம்பு. இரண்டின் கிளைகளும் மேலே பின்னிக் கிடக்கும். ஊர் நிலக்கோட்டைப் பக்கம். சுற்றிலும் மல்லித் தோட்டங்கள். விடிவதற்கு முன்பே பூப்பறிக்கப் போகிறவர்களின் பேச்சுச் சத்தத்தில்தான் தெருவே கண் விழிக்கும். அப்படிப்பட்ட ஊரில், சொந்தக் கொல்லையிலிருந்து ஒரு முழம் பூவுக்கு வழியில்லாத வீடு எங்களுடையது. அம்மா வைத்த மல்லிச்செடி தழைதழையென்று இலை விட்டதே தவிர மொட்டுப் பிடிக்கவில்லை. மல்லிக்கு நல்ல வெயில் காய வேண்டும்.

கிளைகளைக் கழித்துவிடலாம் என்று அப்பா ஆள் சொல்லிவிட்டு வந்த அன்று அப்பத்தா குறுக்கே நின்றாள். "பூவுக்காக மரத்த வெட்டுவாகளாடா? நெழல்ல வர்ற பூவு இல்லாமலா போச்சு?" அடுத்த முறை தன் தம்பி வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது, வேர்மண்ணோடு வாழைமட்டையில் சுற்றிய கனகாம்பரக் கன்றுகள் அவள் கூடையில் இருந்தன.

உடனே நட்டுவிடவில்லை. கன்றுகளைக் கிணற்றடியில் ஈரமாக வைத்துவிட்டு, எந்த இடத்தில் காலை வெயில் துண்டுதுண்டாக விழுகிறது, எந்த இடம் நாள் முழுக்க இருட்டாகவே கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். கனகாம்பரத்துக்கு நிழல் பிடிக்கும். அதற்காக இருட்டில் வைத்தால் மல்லியைப் போலவே அதுவும் வெறும் இலையாக நிற்கும். காலையில் கொஞ்சம் வெயில், உச்சிப்பொழுதில் மரத்தடி நிழல், அதுதான் கணக்கு. மத்தியான வெயில் நேரே அடித்தால் பூவின் நிறம் வெளுத்துவிடும். மரத்தூரை ஒட்டி நட்டால் மரத்தின் வேர் தண்ணீரை இழுத்துக்கொள்ளும் என்று தள்ளியே குழி தோண்டினாள். குழியில் உதிர்ந்த புங்கஇலை, மாட்டுச்சாணம், கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. கனகாம்பர வேரில் முடிச்சு விழவைக்கும் நூற்புழுவுக்குப் புண்ணாக்கு ஆகாது என்பதை நான் வேளாண்மைப் புத்தகத்தில் படித்தது பிற்பாடு. அப்பத்தா படிக்காமலே போட்டாள்.

இரண்டு மூன்று மாதத்தில் கதிர் எடுத்தது. பச்சைச் செதில்கள் நான்கு பட்டையாக அடுக்கிய கதிர். அடியிலிருந்து மேலே ஒவ்வொரு வரிசையாகப் பூக்கும். மெல்லிய குழல், அதன் நுனியில் ஒரே பக்கமாக விரிந்த ஐந்து மடல்கள், குட்டி விசிறி மாதிரி. அந்தக் காவி கலந்த ஆரஞ்சு நிறம் நிழலுக்குள் நின்று ஒளிர்ந்ததை வெயிலில் நிற்கும் எந்தப் பூவிலும் நான் பார்த்ததில்லை. ஒன்றுவிட்டு ஒரு நாள் காலையில் பறிப்போம். லேசாக இழுத்தாலே பூ கழன்று வரும். எடையே இருக்காது, மடி நிறையப் பறித்தாலும் மடியில் ஒன்றும் இல்லாத மாதிரிதான் இருக்கும். பூத்து முடிந்த கதிரைக் கிள்ளிவிடச் சொல்வாள். கிள்ளினால்தான் பக்கத்தில் புதுக்கதிர் வரும்.

கட்டுவதற்குத் தண்ணீரில் நனைத்த வாழைநார். இறுக்கினால் குழல் அறுந்துவிடும் என்பதால் அத்தைதான் கட்டுவார். இடையிடையே மரிக்கொழுந்து வைப்பார். கனகாம்பரத்துக்கு மணம் கிடையாது. மணம் இல்லையே தவிர உழைப்பு உண்டு. மல்லி சாயங்காலத்துக்குள் வாடிப் பழுத்துவிடும். ரெட்டை ஜடையில் நான் காலையில் வைத்துப்போன கனகாம்பரம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போதும் அதே நிறத்தில் இருக்கும். மிச்சத்தை ஈரத்துணியில் சுருட்டி வைத்தால் மறுநாளைக்கும் ஆகும்.

தாத்தா இறந்தபின் அப்பத்தா பூ வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் ஊற்றியது, களை பிடுங்கியது, பறித்து எல்லார் தலைக்கும் பங்கு வைத்தது அவள்தான். ஒரு கண்ணி பூவை அவள் தலையில் வைக்க ஊர் விடவில்லை. அந்த வழக்கத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது. அது கொடுமை.

எங்களுக்குக் கொண்டாட்டமெல்லாம் காய்ந்த கதிரில்தான். செதிலுக்குள் இருக்கும் முற்றிய காயை எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டுவிட்டுக் குனிந்து காத்திருப்போம். ஈரம் ஏறியதும் படாரென்று இரண்டாகப் பிளந்து விதைகளை வீசும். ஒரு காய்க்குள் நான்கு விதைவரை இருக்கும். மழை பெய்த மறுநிமிடம் கொல்லை முழுக்க அந்தச் சத்தம் கேட்கும். மழை வந்து மண் நனைந்த பிறகே விதை கீழே விழவேண்டும் என்று செடி செய்துகொண்ட ஏற்பாடு அது. நாங்கள் நடாத இடத்திலெல்லாம் கன்று முளைத்தது அப்படித்தான்.

பிற்பாடு அத்தை டெல்லி கனகாம்பரம் கொண்டுவந்தார். பெரிய பூ, அடர்ந்த நிறம். ஆனால் அதன் கதிர் காய்ந்தபோது கிண்ணத்தில் ஒன்றும் வெடிக்கவில்லை. அது மூன்று தொகுதிக் குரோமோசோம் கொண்ட மலட்டு வகை. விதை பிடிக்காது, குச்சி வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். சந்தைக்கு வளர்ப்பவர்களுக்கு அது நல்ல வகைதான். எனக்கு நாட்டுக் கனகாம்பரமே உசத்தி. தென்னிந்தியாவும் இலங்கையும் அதற்குத் தாயகம்; நம் மண்ணையும் மழையையும் அறிந்த செடி.

வீட்டுக்குப் பின்னால் மரநிழல் விழுகிறது, பூச்செடி வராது என்று பலர் சொல்லக் கேட்கிறேன். சிலர் அதற்காக மரத்தையே வெட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து வெட்டாதீர்கள். தண்ணீர் தேங்காமல், காலை வெயில் கொஞ்சம் எட்டிப்பார்க்கும் இடமாகப் பார்த்து ஒரு கனகாம்பரக் கன்று வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடென்றால், விதை வைக்கும் நாட்டு வகையாகவே கேட்டு வாங்குங்கள்.