படகுக்கு ஒரு மூக்கு

கடலில் போகிறவர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் தண்ணீர். படகு கட்டுகிறவர்களின் புத்தி முழுவதும் தண்ணீர் உள்ளே வராமல் அடைப்பதிலேயே செலவாகிவிடுகிறது. பலகைகளின் இடுக்கை அடைப்பார்கள். ஜன்னலுக்கு ரப்பர் வைப்பார்கள். மேல்தளத்து மூடிகளுக்குத் தாழ்ப்பாள் போடுவார்கள். இப்படி அடைத்துக்கொண்டே வந்தவர்கள் ஒரு நாள் அந்தப் படகுக்குள் டீஸல் யந்திரம் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார்கள். அன்று பிடித்தது புதிய தொந்தரவு. யந்திரத்துக்கு மூச்சு விட வேண்டும்!

பாய்மரப் படகுக்கு யந்திரம் எதற்கு என்று கேட்கலாம். காற்று நாம் கூப்பிட்ட குரலுக்கு வருகிற ஆள் அல்லவே! 1910-ல் தென் துருவத்துக்குப் புறப்பட்ட அமுண்ட்ஸென்கூட, 'ஃப்ராம்' என்ற தம் பாய்க்கப்பலில் இருந்த நீராவி யந்திரத்தை எடுத்துவிட்டு, டீஸல் யந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டுதான் கிளம்பினார். இன்றைக்கு முப்பது அடிப் படகில்கூட, உள்ளே இறங்கும் படிக்கட்டுக்குப் பின்னால், ஒரு பெட்டிக்குள் அது உட்கார்ந்திருக்கிறது.

ருடால்ஃப் டீஸல் என்ற ஜெர்மானியர் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் இந்த யந்திரத்தை ஓட்டிக் காட்டினார். (பாவம், 1913-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது ஓர் இரவு அவர் காணாமல் போனார், கடல்தான் அவரை எடுத்துக்கொண்டது.) பெட்ரோல் யந்திரத்துக்கு மின்பொறி வேண்டும். டீஸலுக்கு அது வேண்டாம். உள்ளே இழுத்த காற்றை ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கிவிடுகிறது. நெருக்கியதில் காற்று கொதிக்கிறது. அதில் எண்ணெயைத் தெளித்ததும் தானே பற்றிக்கொள்கிறது. ஆகவே காற்றுத்தான் அதற்குச் சாப்பாடு, காற்றுத்தான் அதற்கு நெருப்புக் குச்சி.

எவ்வளவு காற்று? ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள சின்ன யந்திரம் நிமிஷத்துக்கு 3,000 சுற்றுச் சுற்றினால் சுமார் 1,500 லிட்டர் காற்றை இழுக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிஷத்துக்கு ஆறேழு லிட்டர் சுவாசிக்கிறான். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இருநூறு பேர் சுவாசிக்கிற காற்றை ஒருவனாக இழுக்கிற ஆசாமியை நாம் ஒரு பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் இங்கிலாந்தின் தென் கரையில் லிமிங்டன் என்ற ஊரில் என் மருமான் வீட்டில் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கள் படகில் என்னையும் அழைத்துப் போனார்கள். அந்த அம்மாளுக்குப் புத்தகப் பைத்தியம். யந்திரத்தின் சத்தம் ஆகாது. அதற்காகப் பெரியவர் அந்தக் குளிர்காலத்தில் யந்திரப் பெட்டியின் உட்புறம் பூராவும் தடித்த நுரை மெத்தை ஒட்டியிருந்தார். "சத்தம் கசிகிறது" என்று பக்கத்தில் இருந்த இரண்டு துவாரங்களையும் அடைத்திருந்தார். படகு பூனை மாதிரிப் போயிற்று. அம்மாளின் முகத்தில் பரம திருப்தி.

திரும்பும்போது காற்று விழுந்துவிட்டது. கரைக்கும் ஒயிட் தீவுக்கும் நடுவே உள்ள ஜலசந்தியின் மேற்கு வாயிலில், ஹர்ஸ்ட் கோட்டைக்கு அருகே, கடல் மிகவும் குறுகிவிடுகிறது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே நீரோட்டம் மணிக்கு நாலு கடல் மைலுக்கு மேல் ஓடும். எங்கள் படகின் முழு வேகமே ஆறு கடல் மைல். அன்று நீரோட்டம் எங்களுக்கு எதிரே இருந்தது. பக்கத்தில் ஷிங்கிள்ஸ் என்னும் கூழாங்கல் மேடு. கப்பல்கள் பல தட்டி உடைந்த இடம்.

பெரியவர் விசைக்கோலை முழுவதும் தள்ளினார். முள் 2,500-க்கு மேல் ஏறவில்லை. பின்னால் கறுப்புப் புகை வந்தது. கோட்டைச் சுவர் நின்ற இடத்திலேயே நின்றது. கூழாங்கல் மேடு மட்டும் எங்களை நோக்கி வருவது போலத் தோன்றியது. பெரியவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு, "தயவுசெய்து அந்தப் படிக்கட்டைத் தூக்குங்கள்!" என்றார் என்னிடம். தூக்கினேன். லேசில் வரவில்லை, உள்ளேயிருந்து யாரோ பிடித்து இழுப்பது போல் இருந்தது. வந்ததும் உஷ்ணம் முகத்தில் அடித்தது. சத்தம் காதைப் பிளந்தது. முள் மெல்ல ஏறி 2,800-ஐத் தொட்டது. புகை வெளுத்தது. கோட்டைச் சுவர் அங்குலம் அங்குலமாகப் பின்னுக்குப் போயிற்று. அம்மாள் புத்தகத்தை மூடிவிட்டு, "சத்தம் கிடக்கட்டும், வீடு போய்ச் சேருவோம்" என்றாள்.

அன்று மாலை பெரியவர் எனக்குப் பாடம் சொன்னார். மூடியைத் திறந்ததும் வேகம் ஏறினால் யந்திரம் மூச்சுத் திணறியிருந்தது என்று அர்த்தம்; இதைவிடச் சுலபமான பரீட்சை கிடையாதாம். பட்டினி மட்டும் அல்ல, புழுக்கமும் உண்டு. 30 டிகிரிக் காற்று 60 டிகிரியானால் கனத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. அதே அளவு குடித்தாலும் சத்து குறைவு. ரப்பர்க் குழாய்களும் பட்டைகளும் சூட்டில் சீக்கிரம் கெடும். ஆகவே வழி இரண்டு வேண்டும்: குளிர்ந்த காற்று கீழே வர ஒன்று, சூடான காற்று மேலே போக ஒன்று. விசிறி வைத்தாலும் யோசித்து வைக்க வேண்டும். உள்ளே வரும் வழி சின்னதாக இருக்க, வெளியே தள்ளும் விசிறியை மட்டும் பெரிதாக வைத்தால், யந்திரத்தின் வாயிலிருந்தே அது பிடுங்கித் தின்னும்.

சரி, துவாரம் போட்டால் அலை உள்ளே வராதா? இதற்கு அமெரிக்காவில் ஒரு நல்ல உபாயம் பிறந்தது. 1930-ல் ஸ்டீஃபன்ஸ் சகோதரர்களின் 'டொராட்' என்ற படகு நீரில் இறங்கியது. 1931-ல் அட்லாண்டிக்கைக் கடக்கும் பந்தயத்தில் வென்றது. இன்றும் அதன் பெயர் மாலுமிகள் வாயில் அடிபடுவது அதன் மேல்தளத்தில் பொருத்திய ஒரு பெட்டியினால். பெட்டியின் ஒரு கோடியில், மேலே, வளைந்த வாயுள்ள குழல். மறு கோடியில், பெட்டியின் அடித்தட்டிலிருந்து சற்று உயர்ந்து நிற்கும் இன்னொரு குழாய். அது படகுக்குள் இறங்குகிறது. அலை குழலில் புகுந்தால் தண்ணீர் பெட்டியில் விழுந்து ஓரத் துவாரங்கள் வழியே வெளியேறிவிடும். காற்று மட்டும் உயரமான குழாயின் விளிம்பைத் தாண்டி உள்ளே போகும். மனிதர்களுக்காக ஏற்பட்ட அந்த மூக்கு யந்திரத்துக்கும் பொருந்தும். பெரியவரும் அப்படி ஒன்றை வைக்கப் போவதாகச் சொன்னார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனால் அடைக்கவும் தெரிய வேண்டும்" என்றார். யந்திர அறையில் தீப்பிடித்தால் இதே காற்றுத்தான் எமன். மூடியைத் திறந்தால் ஜ்வாலை பாயும். அதற்காகப் பெட்டியில் விரல் நுழைகிற ஒரு துளை வைத்து, அதன் வழியாகவே தீயணைப்பானைப் பிரயோகிக்க வேண்டும். அதற்கு முன் யந்திரத்தை நிறுத்திவிட வேண்டும். இல்லாவிட்டால் அணைக்க வந்த வாயுவையும் அது விழுங்கி வெளியே தள்ளிவிடும்.

நாமும் படகுக்காரர்களைப் போலத்தான். பயந்த இடத்தை எல்லாம் அடைக்கிறோம். பெண்ணை வெளியே விட்டால் ஆபத்து, பையன் தூர தேசம் போனால் ஆபத்து என்று வீட்டுக்கு வீடு ரப்பர் ஒட்டுகிறோம். வீடு நிசப்தமாக இருப்பதில் நமக்குப் பரம திருப்தி. எதிர்நீரோட்டம் வரும் நாளில்தான் உள்ளே இருக்கிற ஜீவன் திணறுவது தெரிகிறது. தண்ணீர் பயப்பட வேண்டிய பொருள்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் டொராட்டின் பெட்டியைச் செய்தவர்கள் அந்தப் பயத்தோடுதான் ஓட்டை போட்டார்கள். தண்ணீர் போக வேறு வழி வைத்தார்கள். அந்த வேறு வழியை யோசிக்கிற சிரமத்துக்கு அஞ்சித்தான் நம்மில் பாதிப் பேர் மூடியே வைத்திருக்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.