பந்து வராத பக்கம்

சனிக்கிழமை ஆட்டம் முடிந்தால் ஞாயிறு மதியம் வீடியோ அறையில் உட்காருவோம். அப்படி ஒரு ஞாயிறு, எல்லோரும் கிளம்பிய பிறகும் ஒரு பையன் நாற்காலியை விட்டு எழவில்லை. இரண்டாம் ஆண்டு மாணவன், கார்னர்பேக். "கோச், நேத்து ஸ்கோர் ஷீட்ல என் பேரே இல்ல. ஒரு டேக்கிள் கிடையாது, ஒரு பந்தைத் தட்டிவிடல. நீ ஆடினியாடான்னு அம்மா போன்ல கேக்கறாங்க" என்றான்.

நான் வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டேன். எதிரணி பந்து எறியப்போகும் ஒவ்வொரு முறையும் பந்தை எறிபவனான குவார்ட்டர்பேக்கின் தலையை மட்டும் பார்க்கச் சொன்னேன். தலை இவன் பக்கம் திரும்பும். ஒரு கணம் நிற்கும். பிறகு வேறு பக்கம் போய்விடும். ஆட்டம் முழுக்க அப்படித்தான். "உன்னைப் பாத்துட்டு வேண்டாம்னு போறான் பார். அதுதான் உன் ஸ்கோர்" என்றேன். அவன் முகம் மெல்ல மாறியதை இன்னும் மறக்கவில்லை.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிஃபென்சிவ் பேக் எனப்படும் பின்வரிசைக் காவலர்களைத் தயார்படுத்துவது என் தொழில். இங்கே ஃபுட்பால் என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும். அணிக்குப் பதினோரு பேர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து யார்டு முன்னேறும் அணியிடமே பந்து இருக்கும். அந்த எறிபந்தைப் பிடிக்க ஓடிவரும் ரிசீவரை மறிப்பவர்கள் என் பையன்கள். ஓரங்களில் கார்னர்பேக் என்ற கார்னர்கள், நடுவில் ஆழத்தில் சேஃப்டிகள்.

கபடி பார்ப்பவர்களுக்குக் கார்னர் என்ற சொல் பழக்கமானது. பாடி வருபவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று தெரியாமல், அவர் காலைப் பார்த்தே நகர்பவர் கார்னர். எங்கள் கார்னரும் அப்படித்தான். ஆனால் அவன் முதுகுக்குப் பின்னால் பல நேரம் துணைக்கு யாரும் இல்லாத திறந்தவெளி. ரிசீவருக்குத் தான் எங்கே போகிறோம் என்று தெரியும். அவன் முன்னோக்கி ஓடுகிறான். இவனுக்குத் தெரியாது, பின்னோக்கி ஓடுகிறான். இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வதே என் வேலை.

முதல் நாள் கற்றுக்கொடுப்பது பின்னால் ஓடுவதை. பேக்பெடல் என்போம். பள்ளியில் வேகத்துக்குப் பெயர் வாங்கிய பையன்கள்கூட நிமிர்ந்து நின்று, குதிகாலில் எடையைப் போட்டுப் பின்வாங்குவார்கள். குதிகாலில் எடை இருந்தால் சட்டென நிற்கவும் முடியாது, திரும்பவும் முடியாது. இடுப்பு தாழ வேண்டும். மார்பு கால்விரல்களுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். எடை முன்பாதத்தில். பாதம் புல்லை உரசிக்கொண்டே போக வேண்டும். ரிசீவர் தாண்டப்போகும் கணத்தில் இடுப்பைத் திறந்து அவனோடு ஓட வேண்டும். அவன் நின்று திரும்பினால் பின்காலை ஊன்றி முன்னால் பாய வேண்டும். இதில் ஓர் அடி வீணானால் ஒரு யார்டு போச்சு. ஒரு யார்டு போனால் பந்து போச்சு.

காலுக்கு ஒரு மாதம் போதும். கண்ணுக்கு இரண்டு வருடம் வேண்டும். களத்தில் பார்ப்பதற்கு எத்தனையோ இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்கிறவன் ஒன்றையும் பார்ப்பதில்லை. ரிசீவரின் தலையும் தோளும் பொய் சொல்லும், இடுப்பு பொய் சொல்லாது. ஆகவே இடுப்பைப் பார். தள்ளி நின்று காவல் காக்கும்போது முதல் மூன்று அடிக்குக் குவார்ட்டர்பேக்கைப் பார். அவன் மூன்றே அடி பின்வாங்கி நின்றுவிட்டால் வருவது குறுகிய எறி. நிற்காமல் பின்னால் போனால் கண்ணை ரிசீவரிடம் கொண்டுவா.

களத்தின் அளவையும் கண் அறிந்திருக்க வேண்டும். அகலம் 53⅓ யார்டு. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடத்துக்கு எல்லையான உள்கோடுகள் தொழில்முறை ஆட்டத்தில் நடுவுக்கு நெருங்கி இருக்கும். கல்லூரியில் அவற்றுக்கிடையே 40 அடி இடைவெளி. ஆகவே பந்து இடது உள்கோட்டில் இருந்தால் ஒரு பக்கம் 20 யார்டு, மறுபக்கம் 33 யார்டுக்கு மேல். அகலமான பக்கத்துக் கார்னருக்குக் காக்க வேண்டிய நிலம் அதிகம். குறுகிய பக்கத்தவனுக்குப் பந்து சீக்கிரம் வந்து சேரும். இரண்டுக்கும் ஒரே மாதிரிப் பையன் சரிப்பட மாட்டான். யாரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி ஆட்டம் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்குள் நுழையும் வாசல் மிகச் சிறியது. பட்டமேற்படிப்பு படித்துக்கொண்டே உதவிக்கு நிற்கும் கிராஜுவேட் அசிஸ்டன்டாகத்தான் நானும் தொடங்கினேன். கையில் கிடைப்பது சொற்பம். வீடியோவை வெட்டி ஒட்டுவதும், எதிரணியின் ஆட்ட உத்திகளை அட்டையில் வரைந்து பயிற்சி அணிக்குக் காட்டுவதும்தான் வேலை. அந்த அட்டைகளை வரைந்து வரைந்தே ஆட்டத்தைக் கற்றேன்.

பிறகு ஊர் ஊராக மாறுவது. தலைமைப் பயிற்சியாளர் போனால் அவரோடு சேர்ந்து எல்லோரும் போக வேண்டியதுதான். இப்படி ஊர் மாறுவதற்குப் பயிற்சியாளர் நிக் சேபனின் வரலாறே சாட்சி. கென்ட் ஸ்டேட்டில் டிஃபென்சிவ் பேக்காக ஆடி, அங்கேயே கிராஜுவேட் அசிஸ்டன்டாகத் தொடங்கியவர். 1977க்கும் 1989க்கும் இடையில் சிராக்யூஸ், மேற்கு வர்ஜீனியா, ஒஹாயோ ஸ்டேட், நேவி, மிச்சிகன் ஸ்டேட், ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்று ஆறு இடங்கள். எல்எஸ்யூவில் ஒன்று, அலபாமாவில் ஆறு என ஏழு தேசியப் பட்டங்கள் அதற்கெல்லாம் பிறகு வந்தவை. அத்தனை உயரத்துக்குப் போன பிறகும் பயிற்சியில் கார்னர்களின் பக்கம் போய் நின்று, அவர்கள் கால்வைப்பைத் தானே திருத்தினார். என் தொழிலுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் பார்த்ததில்லை.

பையன்களைத் தேடி அவர்கள் வீட்டுக்குப் போவதும் எங்கள் வேலையே. அப்பாக்கள் எந்த இடத்தில் ஆடுவான் என்று கேட்பார்கள். அம்மாக்கள் தலையில் அடிபடுமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். 2013 முதல் கல்லூரி ஆட்டத்தில் எதிராளியின் தலையைக் குறிவைத்து மோதினால் களத்திலிருந்து வெளியேற்றம். அந்த விதி வந்தபோது எங்களில் பலர் முணுமுணுத்தோம். இன்று அதற்கு நன்றி சொல்கிறேன். தலையை ஒதுக்கி, தோளால் தொடையை இடித்து, கைகளால் கட்டி இழுப்பது ரக்பிக்காரர்களின் பாணி. அதை இப்போது தினமும் பழக்குகிறேன். அந்த அம்மாக்களிடம் கொடுத்த வாக்கு அது.

ஒரு தவறையும் சொல்ல வேண்டும். ஒரு சீசனின் மூன்றாம் ஆட்டத்தில் என் கார்னர் ஏமாந்து, எதிரணி எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுக்கும் நீண்ட டச்டவுன் ஒன்றை விட்டான். ஓரத்துக்கு வந்தவனை எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்தேன். அதன்பின் அவன் பயந்து ஆழமாகவே நின்றான். அவன் முன்னால் பந்து எறிந்து எறிந்தே எதிரணி ஜெயித்தது. மறுநாள் வீடியோவில் பார்த்தேன். ஒவ்வொரு முயற்சி முடிந்ததும் அவன் கண் என்னைத் தேடியது. ரிசீவரின் இடுப்பில் இருக்க வேண்டிய கண். அதைக் கெடுத்தவன் நான். அன்றிலிருந்து ஓரத்துக்கு வரும் பையனிடம் ஒரே ஒரு கேள்வி: "என்ன பாத்தே?" அவன் சொல்வான், நான் கேட்பேன், தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பிப் போவான்.

என் மாணவர்களுக்கு வருடா வருடம் காட்டும் ஆட்டம் ஒன்று உண்டு. 2015 பிப்ரவரி 1, தொழில்முறை லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல். கடைசி 26 வினாடி. சியாட்டில் அணிக்கு டச்டவுன் கோட்டை எட்ட ஒரே யார்டு பாக்கி. அவர்கள் எறிந்த பந்தைக் குறுக்கே பாய்ந்து பிடித்து நியூ இங்கிலாந்து அணியை ஜெயிக்க வைத்தவர் மால்கம் பட்லர். வெஸ்ட் அலபாமா என்ற சிறிய கல்லூரியிலிருந்து வந்தவர். தொழில்முறை அணிகளின் தேர்வில் அவர் பெயரை யாரும் அழைக்கவில்லை. அந்த வாரப் பயிற்சியில் இதே எறி உத்தியிடம் தோற்றவரும் அவர்தான். தோற்றதிலிருந்து கற்றார், தோல்வியைச் சுமக்கவில்லை.

ஆனால் நான் வீடியோவை நிறுத்திக் காட்டுவது இன்னொருவரை. பட்லரின் வழியை மறிக்க ஒரு ரிசீவர் முன்னால் வரிசையில் நின்றார். பிராண்டன் பிரவுனர் என்ற கார்னர் அவரை நின்ற இடத்திலேயே இரு கையாலும் தடுத்து அசையவிடவில்லை. அதனால் பாதை திறந்தது, பட்லர் பாய்ந்தார். அந்த முயற்சிக்கான கணக்கில் பிரவுனர் பெயர் எங்கும் இல்லை. பின்வரிசைக்காரன் எவனைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வான்.

தொலைக்காட்சிக் கேமரா பந்தோடு போய்விடும். கார்னர் திரைக்கு வெளியே தனியாக ஓடிக்கொண்டிருப்பான். ஆகவே ஒருநாள் ஏதாவது கல்லூரி மைதானத்தில் உட்கார வாய்த்தால், பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு ஓரத்தில் நிற்கும் பையன் ஒருவனைப் பாருங்கள். அவன் காலைப் பாருங்கள், கண்ணைப் பாருங்கள். பந்து அவன் பக்கம் வராமலே அந்தப் பத்து நிமிடமும் போய்விட்டால், அவனுக்காக ஒருமுறை கைதட்டுங்கள்.